மணலென்று கூட்டிய கல்

தம்பி,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். வெள்ளிக்கிழமைகளில் உன்னை இழுத்துக்கொண்டுபோய்த் தமிழ் வகுப்பில் இருத்தியபோது, ஆர் எனக்குத் தமிழிலை கடிதம் எழுதப் போகினம் என்று கேட்டு அழுதாய். இதோ, நான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் ஓடிவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவாய். தமிழென்றால் எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகத்தான் வர வேண்டும். அந்த வேகம்தான் எனக்கு இப்போது தேவை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதை எல்லாம் நீ திறக்காமலே வைத்திருக்கிறாய். இந்தக் கடிதத்தை நீ கட்டப்போகிற அபியிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் வாசிக்கலாம், அவளுடைய அப்பா அம்மாவும் வாசிக்கலாம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நடந்ததை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதைக்கிறார்கள். சார்ஜாவில் அல் தைத் பக்கம் செம்மணல் மேடுகளுக்கு நடுவில் நிற்கும் அந்தக் கல் கோட்டையில், நீ பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்யும் அந்தக் கலியாண மண்டபத்தில்தான், உன் கலியாணமும் நடப்பதாக இருந்தது. உன் அர்பாப், அந்தக் கோட்டையின் முதலாளி, தன் சொந்தப் பிள்ளைக்குச் செய்வதுபோல அதை உனக்குப் பரிசாகவே தந்திருந்தார். கலியாணத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிழமை இருக்கையில், கோட்டையின் முகப்பு மண்டபத்துக் கற்கள் பிடிவிட்டிருக்கின்றன, அதன் கீழே ஆட்களை விட வேண்டாம் என்று அவருடைய அலுவலகத்துக்கு எழுதினேன். என் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். அன்றே கோட்டையை மூடினார்கள். உன் கலியாணத்துக்கு இடம் இல்லாமல் போனது. பராமரிப்புக்குப் பொறுப்பானவர் இதை ஏன் கவனிக்கவில்லை என்று விசாரணை வைத்து, அது முடியும்வரை உன்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அன்று தொடங்கி நீ முவைலாவில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. துபாயில் ஒரு சிநேகிதனுடைய அறையில் இருக்கிறாய் என்று அபி சொன்னாள். பெற்ற தாயே குடியைக் கெடுத்தாள் என்று நீ யாரிடமோ சொன்னாயாம். சொன்னது உண்மையென்றால் அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் சொல்லப்போவதையும் ஒருமுறை கேள்.

அந்தக் கோட்டையை உனக்கு முன்னரே எனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் கல் பதிக்கும் கம்பனியில் வரைபடப் பிரிவில் இருந்தேன். அர்பாபின் தகப்பன் படிக்கிற வயதில் ஸ்கொட்லாந்தில் இருந்தவர். அங்கே பார்த்த ஒரு நாட்டுப்புறக் கோட்டையில் மனதைப் பறிகொடுத்து, அதேபோல ஒன்று தன் மணல் மேட்டில் வேண்டும் என்று புகைப்படங்களை அள்ளிக்கொண்டு வந்தார். உண்மையில் அந்த ஸ்கொட்லாந்துக் கோட்டையும் பழங்காலத்து அசல் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் நூல் ஆலை வைத்துப் பணக்காரனான ஒருவன், பழைய பிரபுக்களைப் போல வாழ ஆசைப்பட்டுக் கட்டியது. பீரங்கி வந்து கோட்டைகளுக்கே வேலை இல்லாமல் போன பிறகு, அவன் மதிலுக்கு மேல் பல்வரிசைபோல மறைகற்களை வைத்தான், மூலைகளில் கூம்புத் தொப்பி போட்ட சின்னக் கோபுரங்களைத் தொங்கவிட்டான், அம்பு எய்ய ஒடுக்கமான துளைகள் விட்டான். எய்வதற்கு அவனிடம் அம்பும் இல்லை, எதிரியும் இல்லை. நாங்கள் அந்தப் போலியைப் பார்த்து இன்னொரு போலி வரைந்தோம். பெரிய கோபுரத்துக்குள் தண்ணீர்த் தாங்கி வந்தது. அம்புத் துளைகளுக்குப் பின்னால் ஏசி மெஷின்கள் மூச்சுவிட்டன. வாசல் வளைவுக்கு மேல் கேடயத்தில் அங்கே கலைமான் இருந்தது, இங்கே வல்லூறு வைத்தோம். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்துச் சிரித்துத்தான் வரைந்தோம். ஆனாலும் எனக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்தது உண்மை. முகப்பு மண்டபம் முழுவதும் என் பங்கு. ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டு, எது எதன் மேல் இருக்க வேண்டும் என்று வரைந்தவள் நான். கல் கப்பலில் வந்து இறங்கியபோது அதன் நிறத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். நனைந்தால் பீட்ரூட் கறிபோல, காய்ந்தால் மாலை மணல்போல.

கட்டி முடிந்த பிறகு வேலை செய்தவர்களின் குடும்பங்களை ஒருநாள் பார்க்க விட்டார்கள். உன்னையும் கூட்டிப்போனேன். நீ மறைகற்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, இவை ஆரோடை சண்டை பிடிக்கப் போகினம் என்று கேட்டாய். ஒருத்தரோடையும் இல்லை, வடிவுக்குத்தான் என்றேன். அப்ப ஏன் இவ்வளவு கோபமாக் கட்டி வைச்சிருக்கினம் என்று நீ விடவில்லை. உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். வளர்ந்து படித்து முடித்து அதே கோட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு நீ வந்து நின்ற அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் நானும் அன்று பிள்ளையார் படத்துக்கு மாலை போட்டோம். நான் வரைந்ததை என் பிள்ளை பார்த்துக்கொள்கிறான் என்று கம்பனியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவர்கள் கேட்டுக் களைத்தே போனார்கள்.

இனிக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். அது மணற்கல். பரோட்டாபோலப் படை படையாக மண்ணுக்குள் படுத்திருந்து இறுகியது. மண்ணில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வைத்தால், மேலே எவ்வளவு பாரம் வந்தாலும் தாங்கும். ஸ்கொட்லாந்தில் அப்படித்தான் வைத்தார்கள். முழங்கை நீளத்துக்கும் தடித்த கற்கள், ஒன்றின் மேல் ஒன்று. இங்கே உள்ளே நிற்பது கொங்கிறீட். கல் வெறும் முகம்தான், பலகைபோல அறுத்து இரும்பு ஊசிகளில் தொங்கவிட்டது. முகப்பு மண்டபத்துக்கு மட்டும் அர்பாபின் தகப்பன் ஒரு துண்டைப் பார்த்து ஆசைப்பட்டார். படையின் குறுக்கே அறுத்தால் கோடு கோடாகத் தெரியும். படையோடு சேர்த்து அறுத்தால் மேகம் மேகமாகத் தெரியும். அவருக்கு மேகம் பிடித்தது. அப்படி அறுத்து நிறுத்தினால் படைகள் எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும், ஒருகாலம் ஒன்றொன்றாக உரியும் என்று கம்பனியில் பெரியவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். வாடிக்கையாளர் விருப்பம் என்று முடிவானது. அந்த முடிவு என் மேசைக்கு மேலே எங்கேயோ எடுத்தது. அது என் பிழையும் இல்லை, உன் பிழையும் இல்லை. ஆனால் எந்தக் கல் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவர்களில் இந்த நாட்டில் மிச்சம் இருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். மற்றவர்கள் விசா முடிந்து போய்விட்டார்கள். இதை வைத்துக் கலியாண வாழ்க்கைக்கு உவமை சொல்வேன் என்று பயப்படாதே. கல்லைப் பற்றிச் சொன்னால் கல்லைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மணவறையை எங்கே வைப்பது என்று பார்க்க நீ என்னையும் அபியையும் காலையில் கூட்டிப்போன அன்று, நீங்கள் இரண்டு பேரும் புல்தரையில் நின்று அளந்துகொண்டிருந்தீர்கள். நான் முகப்பின் கீழே நின்றேன். ஒரு பங்களாதேஷ் பாய் கூட்டிக்கொண்டிருந்தார். செம்மண் தூள். இந்த நாட்டில் அதில் என்ன புதினம் இருக்கிறது? முவைலாவில் நானும்தான் நாள்தோறும் பல்கனியைக் கூட்டுகிறேன். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மணல் வரும், கூட்டுவோம், மறுநாளும் வரும். அதை ஏன் எங்கே இருந்து என்று இங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் அன்று புல்லின் மேல் மணல் இல்லை, படிகளில் இல்லை, உன் காரின் மேலும் இல்லை. முகப்புக்கு நேர் கீழே மட்டும், கோடு போட்டதுபோல ஒரு வரிசை. பாய் கூட்டி அள்ளிய வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். தூளுக்கு நடுவில் அப்பளம் உடைந்ததுபோல மெல்லிய தகடுகள். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. எனக்குத் தெரிந்த இந்தியில், இது எப்போதிருந்து என்று கேட்டேன். "ரோஜ் மேடம். பானி மார்னே கே பாத் ஜியாதா," என்றார். தினமும் விழுகிறது, தண்ணீர் அடித்த பிறகு இன்னும் கூட. அவருடைய நீளத் துடைப்பத்தை வாங்கி, அதன் காம்பால் மேலே மெதுவாகத் தட்டினேன். ஓர் இடத்தில் கல்லாகக் கேட்டது. பக்கத்தில் வெற்றுப் பெட்டிபோலக் கேட்டது. வளைவுக்கு மேல், கேடயத்துக்கு இரண்டு பக்கமும், எட்டிய இடமெல்லாம் பெட்டிதான்.

திரும்பும்போது அபியை அவள் தங்கியிருக்கும் இடத்தில் இறக்கிவிட்டு வரும் வழியில் உன்னிடம் சொன்னேன். முதலில் நீ சிரித்தாய். "அம்மா, இது டெசர்ட். மணல் விழாமல் வேறை என்ன விழும்?" என்றாய். நான் தகட்டை எடுத்து உன் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு கலியாணத்துக்கும் முன்னால் கல் கடும் சிவப்பாகப் படத்தில் விழ வேண்டும் என்று முகப்பைக் கழுவ வைக்கிறாய், புல்லுக்கு அடிக்கிற அதே கிணற்றுத் தண்ணீரால். அது உவர். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு படைக்குள் இருந்து ஊதும், படை உரியும், உரிந்ததை மணலென்று கூட்டுகிறீர்கள் என்றேன். உன் முகத்தில் சிரிப்பு போனது. நீ மக்கு இல்லை, ஒரு வார்த்தையில் பிடித்துக்கொண்டாய். கடைசியில் சொன்னதுதான் இது: "சரி அம்மா. ஆனா இப்ப வேண்டாம். கலியாணம் முடியட்டும், பிறகு நானே சொல்லுறன்."

"அதுக்கு முன்னம் அங்கை வேறை ஆக்களின்ரை கலியாணம் இல்லையோ?" என்று கேட்டேன்.

இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வியாழன் தவறாமல் அங்கே ஒரு கலியாணம். கார்கள் அந்த முகப்பின் கீழேதான் வந்து நிற்கும். பெண்ணை இறக்குவது அங்கேதான். படம் பிடிக்கிறவர்கள் எல்லோரையும் அந்தப் படியில்தான் வரிசையாக நிறுத்துவார்கள். உன் தயக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. தண்ணீர் அடிக்கச் சொன்னது நீ. சொன்னால் உன் பெயர் வரும், கலியாண நேரத்தில் வேலை போகும், சவூதியில் அல் கோபாரில் இருந்து வருகிற சம்பந்திகள் என்ன நினைப்பார்கள். இதெல்லாம் உன் நெற்றியிலேயே எழுதியிருந்தது. இருந்தும் உன்னையே விட்டுவிட்டேன். நீயாக மூட வேண்டும், உன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிறகு சொல்லுவம். இந்த ஒரு பேச்சுத்தான் தம்பி, வளைகுடாவுக்கு வந்த எங்கள் ஆட்களைப் பிடித்த வியாதி. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கெட்ட செய்தியை அந்தப் பக்கத்தார் உடனே சொல்ல மாட்டார்கள். சோதனை முடியட்டும், லீவில் வரட்டும், பெருநாள் போகட்டும். உன் அப்பா அல் கோபாரில் தனியாக இருந்த காலத்தில் நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்துகொண்டார். எனக்குச் சொல்லவில்லை. போனில் சளி, தடிமன் என்றார். லீவில் வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தேன். நீர் பயப்படுவீர் எண்டுதான், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான் என்றார். என்னைக் காப்பாற்றியதாகவே அவர் நினைத்தார். எனக்கோ, அவர் சாகக் கிடந்த நாளில் நான் உன் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கக் கடை கடையாக ஏறி, விலை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க நினைக்க உடம்பு பற்றி எரிந்தது. அவரோடு முகம் கொடுத்துக் கதைக்க எனக்கு நீண்ட காலம் பிடித்தது. நீ அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து சோறு சாப்பிட்டாய், அப்பாவும் அம்மாவும் ஏன் டீவியைப் பார்த்தே கதைக்கிறார்கள் என்று கேட்டாய். நீ அதே பேச்சைக் காரில் சொன்னபோது எனக்கு அந்தத் தழும்புதான் கண்ணில் வந்து நின்றது.

வியாழன் வந்தது. நீ மூடவில்லை. போன் பண்ணினேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். அன்று மாலை அங்கே யாரோ ஒரு பிள்ளைக்குக் கலியாணம். யார் என்று எனக்குத் தெரியாது. நான் உடனே எழுதியிருக்கலாம், ஒரு டாக்சி பிடித்துப் போய் வாசலில் நின்றுமிருக்கலாம். உனக்கு நினைவிருக்கும், முன்பு எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இடறி இடறி நின்றபோது, கதிரையைக் கொண்டுபோய் அதன் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் ஏறவிடாமல் இருந்தேனே. வாச்மேன் கெஞ்சினார், மேல்மாடிக்காரர் ஏசினார், உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். நீ வெட்கத்தில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு படியால் ஏறிப்போனாய். அன்று முன்பின் தெரியாத ஆட்களோடு சண்டை போட எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. இந்தமுறை எதிரே நின்றது நீ. கதிரையைத் தூக்கக் கை வரவில்லை. அந்த மாலை முழுக்க வீட்டில் இருந்து, இப்போது பெண் இறங்குவாள், இப்போது குழந்தைகள் படியில் ஓடும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் பெயருக்காக ஊரார் பிள்ளைகளைக் கல்லுக்குக் கீழே விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதுதான். இதில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை, கேட்க வேண்டியவர்களின் முகமும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எழுதினேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "இஞ்சை பாரும், கலியாணம் முடியட்டுமன். அவன் எங்கடை ஒரே பிள்ளை," என்றார். நான் திரும்பி அவருடைய நெஞ்சைப் பார்த்தேன். அவர் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். அனுப்பும்வரை அங்கேயே இருந்தார். இது உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்குத் தெரியாமல் நான் செய்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயாம்.

நான் எழுதியதை நீ இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கல்லை அறுத்த விதம்தான் மூலக் காரணம், வரைபடத்தைப் பார்க்காத எவருக்கும் இது வெளியில் தெரியாது, பராமரிப்புக்காரரைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்து அதையே சொல்வேன். தண்ணீர் விஷயத்தை எழுதவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். தெரியாமல் செய்தது, தெரிந்ததும் நிறுத்தவில்லை, இரண்டையும் சொல். வேலை போனாலும் போகட்டும், நாங்கள் இருக்கிறோம், அபிக்கும் வேலை இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டீர்கள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், என்னை உனக்குத் தெரியும்தானே. ஆனால் நீதான் சொல்வாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. காரில் அந்தத் தகட்டைப் பார்த்ததும் உன் முகம் மாறியதே, அந்த முகத்தை நம்புகிறேன்.

அபியோடும் அப்படித்தான் இரு. நல்ல சேதியை ஆறுதலாக, மெதுவாகச் சொல்லலாம், கெட்டுப்போகாது. வேலையில் பிரச்சினை, உடம்பில் நோ, அவளுடைய வீட்டாரைப் பற்றிய மனக்குறை, இவற்றை அன்றன்றைக்குச் சொல்லிவிடு. அவள் அழுதால் அழட்டும். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளை வெளியே நிறுத்திவிடாதே. என்னை அப்படி வெளியே நிறுத்தியவரோடு நான் இன்றும்தான் வாழ்கிறேன், அவர் மேல் எனக்கு உயிர். ஆனால் அந்தச் சப்பாத்துக் கடையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கோட்டையில் இப்போது சாரம் கட்டி, வலை விரித்திருக்கிறார்களாம். முகப்புக் கற்களை ஒன்றொன்றாகக் கையால் கழற்றி இறக்கப் போகிறார்கள். அப்படி இறக்கிய பிறகு, அவை விழுந்திருக்குமா இல்லையா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரிய வராது. உன் கலியாணம் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்திருக்கவும் கூடும். கல் இன்னும் பல வருஷம் நின்றிருக்கவும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. நான் செய்தது சரியென்று உனக்குக் காட்ட ஒரு கல் விழ வேண்டும். அந்தக் கல் விழக் கூடாது என்பதற்காகத்தான் நான் இத்தனையும் செய்தேன். ஆகவே உன்னிடம் காட்ட என் கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை. சும்மா இருந்த கோட்டையை அம்மா மூட வைச்சா என்று நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்வாய், அவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பிழையானவளாகவே உன் கண்ணில் கடைசிவரை இருந்துவிட்டுப் போகிறேன். என் பிள்ளை, அபி, முன்பின் அறியாத அந்தப் பெண்கள், படியில் ஓடுகிற குழந்தைகள், எல்லோரும் முழுசாக வீடு போனார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது பொய். நீயும் வேண்டும். நீ இல்லாத வீட்டில் சோறு கூடிப்போகிறது, அதைப் பார்த்து அப்பா எழும்பிப் போய்விடுகிறார்.

நேற்று அபி போன் பண்ணினாள். சார்ஜாவில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் சின்ன மண்டபம் கிடைத்திருக்கிறது, அதே நாள், அதே முகூர்த்தம் என்றாள். மணவறைக்கு இடம் காணும், ஐயரும் ஓமென்றுவிட்டார், வருகிற ஆட்களைத்தான் குறைக்க வேண்டும் என்றாள். நான் கேட்காததை அவளே சொன்னாள். "மாமி, அவர் உங்களை வர வேண்டாம் எண்டு சொல்லேல்லை. வரட்டும், ஆனா என்னோடை கதைக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நீங்கள் வாங்கோ." அந்தப் பிள்ளைக்குக் குரல் உடைந்தது. நான் உடைந்தது போனை வைத்த பிறகுதான்.

வருவேன். கதைக்க மாட்டேன். பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மாப்பிள்ளையின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன். யாரும் எதுவும் கேட்டால் சிரிப்பேன். படம் எடுக்கும்போது நீ என் பக்கம் பார்க்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. தாலி கட்டி முடிந்து, அறுகம்புல்லும் அரிசியும் சேர்த்த அறுகரிசி போட்டு வாழ்த்தப் பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். முதலில் பெற்றவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவும் நானும் உங்கள் முன்னால் வந்து நிற்போம். நீ தலைப்பாகையோடு மணவறையில் இருப்பாய். என்னோடு ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம், நிமிர்ந்து பார்க்கவும் வேண்டாம். காலில் போட்டு, முழங்காலில் போட்டு, தோளில் போட்டு, என் கை உன் தலைக்கு வரும். அப்போது தலையை மட்டும் விலக்கிவிடாதே.

அம்மா